கண் கந்தோர்

பஸ்மியாவுக்கு நாற்பத்திரண்டாவது வயதில் நிரந்தர வேலை கிடைத்தது. பதினொரு வருடமாகத் திருகோணமலையில் கல்யாண வீடு, கந்தூரி, பாடசாலை விளையாட்டுப் போட்டி என்று கூப்பிட்ட இடமெல்லாம் போய்க் கிடாரம் கிடாரமாகச் சமைத்தவள் அவள். இப்போது துறைமுகத் தொழிலாளர் கன்ரீனில் சமையற்காரி. கடிதம் வந்த அன்று அவளுடைய கணவன் பாஹிம் அதைத் தன் ஓட்டோவின் முன்கண்ணாடியில் செருகிக்கொண்டு, ஆட்களை ஏற்றாமலே பஸ் நிலையத்தை மூன்று தரம் சுற்றி வந்தான்.

கடிதத்தில் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. வருகிற திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்குக் கடமையை ஏற்காவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்கு வேலை போய்விடும். மற்றது, வரும்போது கண்ணழற்சி இன்மைச் சான்றிதழ் ஒன்றைக் கொண்டுவர வேண்டும்.

"அதென்ன இன்மை?" என்று பாஹிம் கேட்டான்.

"கண் நோய் இல்ல எண்டு ஒரு துண்டு."

"உனக்குத்தான் கண் நோய் இல்லியே."

"அதத்தான் எழுதித் தரோணுமாம்."

எழுதித் தருவதற்கென்றே ஓர் இடம் இருந்தது.

அந்த வருடத் தொடக்கத்தில் கண் நோய் பரவியது உண்மை. நிலாவெளி ஹோட்டல்காரர், பாடசாலைப் பிள்ளைகள், மாவட்டச் செயலகமான கச்சேரியின் உத்தியோகத்தர் என்று எல்லோரும் ஆளுக்கொரு வாரம் கண் சிவந்து திரிந்தார்கள். பிறகு மாறிச் சுகமாகிவிட்டது. அதைத் தடுப்பதற்கான செயலணியை அமைக்க மட்டும் ஒன்பது வாரம் பிடித்தது. நாடா வெட்டித் திறந்தபோது மாவட்டத்தில் நோயாளர் எவரும் மிச்சமிருக்கவில்லை. துறைமுக வட்டாரத் தொற்றுக் கண்ணழற்சி ஒருங்கிணைப்பு விசேட செயலணியின் ஆறு உத்தியோகத்தர்களும் ஆறு கதிரைகளில் இருந்து மூன்று வாரம் வாசலைப் பார்த்தார்கள். நான்காவது வாரம் பணிப்பாளர் சின்னராசா கூட்டம் கூட்டினார். நோயுள்ளவர்கள் வராத காரணத்தால் நோயில்லாதவர்களை அழைப்பது என்று அங்கே ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. அன்றிலிருந்து துறைமுகப் பகுதியில் வேலைக்குச் சேருகிற எவரும் இந்தச் சான்றிதழ் எடுத்தாக வேண்டும். பெயர்ப்பலகையை முழுதாக வாசித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும் என்பதால், சனங்கள் அலுவலகத்துக்கான பழைய சொல்லைப் பிடித்து அதைக் கண் கந்தோர் என்று சொன்னார்கள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பஸ்மியா கண் கந்தோருக்குப் போனாள்.

வாசலில் பெருவிரல் அடையாளம் வைக்கும் மிசின் இருந்தது. வருகிறவர்கள் எல்லோரும் அதில் விரலை அழுத்தினால்தான் கதவு திறக்கும். அவளுக்கு முன்னால் நின்ற லொறிச் சாரதி ஒருவர், கண்ணில் வடிந்த தண்ணீரைப் பெருவிரலால் துடைத்துவிட்டு, அதே விரலை மிசினில் வைத்தார். மிசின் அவருக்கு நன்றி சொன்னது. பிறகு பஸ்மியா வைத்தாள். அவளுக்கும் நன்றி சொன்னது.

உள்ளே ஒரு பெரிய கொப்பியும், நூலில் கட்டிய ஒரு பேனையும். பேனையின் பின்பக்கத்தைப் பலர் யோசித்து யோசித்துக் கடித்திருந்தார்கள். சுவரில் ஒரு பதாகை: 'தொடாதீர்! பகிராதீர்! கண்ணைக் காப்பீர்!' பதாகையின் கீழே, முகவாய் நாடியை வைத்துக் கண்ணைக் காட்டுகிற ஒரு கருவி. நாடி வைக்கிற இடத்தில், சுகாதாரத்தை முன்னிட்டு, ஒரு துவாய் விரித்திருந்தது. திறப்பு விழா அன்று விரித்தது.

கருவிக்குப் பின்னால் முகாமைத்துவ உதவியாளர் கிருஷாந்த் இருந்தான். இருபத்தாறு வயது. கணக்கியல் படித்தவன்.

"அக்கா, நாடிய வையுங்கோ. அசையாதேங்கோ."

அவன் ஒரு விரலால் அவளுடைய கீழ் இமையை இழுத்து, மற்றக் கையில் ஒரு நீள அட்டையைக் கண்ணோடு சேர்த்துப் பிடித்தான். அது பெயின்ற் கடையில் தருகிற நிற அட்டை. செயலணிக்கு இன்னும் அளவுகோல் வந்து சேராத காரணத்தால் தற்காலிக ஏற்பாடு.

"தம்பி, கையுறை போட மாட்டீங்களா?"

"கையுறை இருக்குதக்கா." அவன் கண்ணாடி அலுமாரியைக் காட்டினான். பெட்டி பெட்டியாக அடுக்கி, பூட்டி, பூட்டின் மேல் அரக்கு வைத்து முத்திரையும் குத்தியிருந்தது. "போட்டா அழுக்காப் போயிடும். மேலிடத்தில இருந்து வந்து பாக்கேக்க புதுசா இருக்கோணும்."

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கடைசியில் அவன் எழுதினான்: வலது கண், யானைத் தந்தம். இடது கண், யானைத் தந்தம், சற்று வெளிர்.

அந்த நேரம் பணிப்பாளர் சின்னராசா உள்ளறையிலிருந்து வந்தார். ஐம்பத்தெட்டு வயது; வெள்ளைச் சேட்டின் பையில் மூன்று பேனைகள். வரிசையில் நின்றவர்களைக் கண்டதும் அவருக்குப் பேச்சு வந்துவிட்டது.

"நீங்கள் எல்லாரும் அதிர்ஷ்டசாலிகள். முன்னம் இந்த மாவட்டத்தில ஆருக்கும் நினைச்ச நேரத்தில கண் சிவக்கும். கேட்க ஒரு நாதி இல்லை. இப்ப அப்படியில்லை. இப்ப ஒரு கண் சிவக்கிறதெண்டா அது எங்கட கோப்பு, கோவைக்குள்ளாலதான் சிவக்கோணும். சிலர் கேக்கினம், நீங்கள் நோயைத் தடுக்கிறியளோ எண்டு. அது வேற திணைக்களம். நாங்கள் நோயை ஒருங்கிணைக்கிறம்."

லொறிச் சாரதி கண்ணைத் துடைத்துக்கொண்டே கை தட்டினார். பணிப்பாளர் மனம் நெகிழ்ந்துபோய் இறங்கி வந்து அவருடைய கையைக் குலுக்கினார். பிறகு மற்ற எல்லோருடைய கையையும் குலுக்கினார்.

"வெள்ளிக்கிழமை வாங்கோ அக்கா, கையெழுத்தாகி இருக்கும்" என்றான் கிருஷாந்த்.

வெள்ளிக்கிழமை விடிய பஸ்மியாவுக்குக் கண் திறக்க ஏலவில்லை. இமை மயிர் எல்லாம் பசை போட்ட மாதிரி ஒட்டியிருந்தது. தடவித் தடவிப் பைப்படிக்குப் போய்த் தண்ணீரால் நனைத்துத் திறந்தபோது, இரண்டு கண்ணிலும் மணல் அள்ளிப் போட்டது போல அரித்தது. பாஹிம் அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு, இரண்டு அடி பின்னுக்குப் போனான்.

"என்ன புள்ள, அழுதயா?"

"இல்ல. கண் கந்தோருக்குப் போனன்."

கந்தோரில் கிருஷாந்த் அவளை நிமிர்ந்து பார்க்காமலே சிரித்தான். "அக்கா, உங்கட சான்றிதழ் ரெடி. உங்களுக்குக் கண் நோய் இல்லை."

"தம்பி, என்னப் பாருங்க."

"பாக்கத் தேவையில்லை. புதன்கிழமை பாத்தாச்சு."

"இப்ப பாருங்க."

அவன் பார்த்தான். பார்த்ததும் கதிரையோடு பின்னுக்குப் போனான். கை தானாக நிற அட்டையை எடுத்தது. செங்கல்லையும் தாண்டி மிளகாய்க்குப் போக வேண்டியிருந்தது. அட்டையை மெல்லக் கீழே வைத்துவிட்டு, இரகசியமாகச் சொன்னான்: "அக்கா, இதக் கொண்டுபோய்த் திங்கட்கிழமை வேலையில சேருங்கோ. கடதாசியில யானைத் தந்தம். ஆர் கேக்கப் போகினம்?"

பஸ்மியா கடதாசியைப் பார்த்தாள். தேசிய சின்னம், முத்திரை, பணிப்பாளரின் நீளமான கையெழுத்து, எல்லாம் இருந்தது. பதினொரு வருடம் அவள் காத்திருந்த வேலைக்கும் அவளுக்கும் இடையில் இப்போது இருந்தது அந்தக் கடதாசி மட்டுந்தான். கையை நீட்டினால் போதும்.

"முந்நூறு பேருக்குச் சமைக்கிறது, தம்பி. கண்ணத் துடைச்ச கையால சோத்தத் தொட்டா முந்நூறு வீட்டுக்கும் போகும். எனக்கு நோய் இரிக்கி எண்டு எழுதித் தாங்க. ஒரு கிழமை பிந்தி வாறன் எண்டு கேட்டுப் பாக்கிறன்."

"அதுக்கு முதல்ல இத ரத்துச் செய்யோணும். ரத்துச் செய்யிறதெண்டா நாங்கள் பிழையாப் பாத்தமெண்டு வரும். நாங்கள் பிழை விட ஏலாது, அதுக்குப் படிவம் இல்லை." அவன் அலுமாரியில் துழாவி ஒரு தாளை எடுத்தான். "இது சரிவரும். பிற்பட்ட தொற்றுப் பிரகடனம். நிரப்புங்கோ."

படிவத்தில் முப்பத்தொரு கேள்விகள். கண்ணீர் வடியவடியப் பஸ்மியா நிரப்பினாள். இருபத்தேழாவது கேள்வி, தொற்றிய இடம். அவள் உண்மைக்காரி. 'உங்கட கந்தோர், புதன்கிழமை, காலை பத்து மணிக்குப் பிறகு' என்று எழுதினாள்.

கிருஷாந்த் அதை வாசித்துவிட்டு உள்ளறைக்கு ஓடினான். ஒரு நிமிடத்தில் பணிப்பாளர் படிவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"இது என்ன கதை? இந்தக் கட்டடத்துக்குள்ள கண் நோய் வர அனுமதி இல்லை!"

"எனக்கு இஞ்சதான் வந்தது, சேர்."

"வந்திருக்க ஏலாது. நீங்கள்தான் கொண்டந்திருக்கிறியள். ஒவ்வொரு பரவலுக்கும் ஒரு மூலம் இருக்கும். கிருஷாந்த், எழுதும். மூலம் இவதான்!" அவருடைய முகம் திடீரென்று மலர்ந்தது. செயலணி தொடங்கியதிலிருந்து அவர் கண்ட முதலாவது நோயாளி அல்லவா. "திங்கட்கிழமை விசாரணை. கன்ரீன் முகாமையாளருக்கு இண்டைக்கே கடிதம் போகோணும். இவவுக்கு ஒரு பிரதி."

பிரதியைப் பின்னேரம் பாஹிம்தான் வாசித்தான். பஸ்மியாவால் எழுத்தைப் பார்க்க முடியவில்லை.

"'மேற்படி பஸ்மியா என்பவர் இவ்வலுவலகத்தினால் நடாத்தப்பட்ட நுணுக்கமான பரிசோதனையின் பின்னர்...'" அவன் நிறுத்தினான். மறுபடியும் வாசித்தான். "'மூல நோயாளி என இனங்காணப்பட்டுள்ளார்.' புள்ள, உனக்கு எப்ப மூலம் வந்த?"

"என்ன மூலம்?"

"இதில அப்படித்தான் இரிக்கி. கண்ணத்தானே பாத்தவனுகள்? கண்ணப் பாத்தே அதையும் கண்டுபிடிச்சிட்டானுகள். கெட்டிக்காரனுகள்தான்!"

பஸ்மியா சிரித்தாள். சிரித்ததில் கண் இன்னும் எரிந்தது. பிறகு கொஞ்ச நேரம் அழுதாள். அதற்கும் எரிந்தது.

சனிக்கிழமை பாஹிம் அவளை வெளிநோயாளர் பிரிவுக்கு ஏற்றிப் போனான். டொக்டர் சுலோஜனா அவளைத் தொடுவதற்கு முன்னும் கை கழுவினாள், தொட்ட பிறகும் கழுவினாள். இரண்டு நிமிடம் பார்த்தாள்.

"கண் கந்தோருக்குப் போனீங்களோ?"

"ஓம், டொக்டர். எப்படித் தெரியும்?"

"இந்தக் கிழமை நீங்கள் பதினேழாவது ஆள்." அவள் ஒரு துண்டில் எழுதிக்கொண்டே சொன்னாள். "பயப்பிடாதேங்கோ, இது தானா மாறும். ஒரு கிழமை, மிஞ்சினாப் பத்து நாள். கொதிச்சு ஆறின தண்ணியில பஞ்சை நனைச்சுத் துடைச்சு, அதை எறிஞ்சுபோடுங்கோ. ஒரு கண்ணுக்குத் துடைச்ச பஞ்சு மற்றக் கண்ணுக்கு வேண்டாம். துவாய், தலகணி தனியா வையுங்கோ. சவுக்காரம் போட்டுக் கை கழுவுங்கோ, கண்ணைக் கசக்காதேங்கோ. தேன், தாய்ப்பால், பூச்சாறு ஒண்டும் விடாதேங்கோ. மற்ற ஆக்களின்ர துளிமருந்தையும் வாங்கி விடாதேங்கோ. கண் நோகத் தொடங்கினா, பார்வை மங்கினா, வெளிச்சம் பாக்க ஏலாமப் போனா, நாளைக்கு எண்டு இருக்காம உடன வாங்கோ. அதுவரைக்கும் வீட்டில இருங்கோ."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இதுக்கு நீங்க ஒரு சான்றிதழ் தர ஏலாதா?"

டொக்டர் பெருமூச்சு விட்டாள். "வைத்தியம் பாக்கத்தான் எனக்கு அதிகாரம். கண் நோய் இருக்கு, இல்லை எண்டு சொல்லுற அதிகாரம் இப்ப அவையிட்ட."

ஞாயிற்றுக்கிழமை கன்ரீன் முகாமையாளர் கலீலுர் றஹ்மான் தொலைபேசி எடுத்தார். கப்பல் இறக்குகிற முந்நூறு பேரின் பசியோடு தினமும் மல்லுக்கட்டுகிற மனிதர். நீட்டிப் பேச நேரமில்லாதவர்.

"தங்கச்சி, கடிதம் கிடைச்சிச்சி. மூலம் பெரிய வருத்தம்தான். என்ட மச்சானுக்கும் இரிந்த. இரிக்கவும் ஏலாது, நிக்கவும் ஏலாது."

பஸ்மியாவுக்கு வெட்கம் தாங்கவில்லை. "சேர், எனக்கு மூலம் இல்ல. கண் நோய். அவங்க எழுதினது பிழையா விளங்குது."

மறுபக்கத்தில் கடதாசி சரசரத்தது.

"கண் நோய்க்கு எண்டா என்னால நாள் தர ஏலாது, தங்கச்சி. அது கண் கந்தோர் அனுமதிக்கோணும், அவங்க கூட்டம் வெச்சி முடிவெடுக்க மூணு மாசம் போகும். மூலத்துக்கு எண்டா என்ட கையில அதிகாரம் இரிக்கி. பத்து நாள்." அவர் குரலைத் தாழ்த்தினார். "அவங்கட கடிதத்தில மூலம் எண்டுதான் இரிக்கி. அரச கடிதத்தத் திருத்த நான் ஆரு? சுகமாகிப் போட்டு வாங்க. கதிரைக்கு மெத்தை போட்டு வெக்கச் சொல்லட்டா?"

"வேணாம், சேர்!"

வேலை தப்பியது. ஆனால் விசாரணை தப்பவில்லை. வராவிட்டால் பெயர் கறுப்புப் பட்டியலுக்குப் போகும் என்று அழைப்புக் கடிதத்தில் சிவப்பு மையால் எழுதியிருந்தது. திங்கட்கிழமை பஸ்மியா போனாள். ஆனால் உள்ளே போக மறுத்தாள். மிசினில் விரல் வைக்கவும் மறுத்தாள். யன்னலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், ஓட்டோவுக்குள் இருந்துகொண்டே பதில் சொல்வதாகச் சொன்னாள்.

"உள்ள வந்தா உங்களுக்குத் தொத்தும், சேர்."

யன்னலுக்கு உள்ளே ஆறு உத்தியோகத்தர்களும் வரிசையாக இருந்தார்கள். ஆறு பேரும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்கள். பாஹிம் அவர்களை எட்டிப் பார்த்துவிட்டு, "ஆரும் மௌத்தாப் போயிட்டாங்களா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"இது சீருடை. இண்டையில இருந்து அமுல்" என்றார் பணிப்பாளர்.

விசயம் இதுதான். உத்தியோகத்தர் ஒருவருக்குக் கண் சிவந்தால் அலுவலகத்தை உடனே மூட வேண்டும் என்று ஒரு சுற்றுநிருபம் இருந்தது. அதை எழுதியவர் பணிப்பாளர் சின்னராசா. எழுதும்போது அது மற்ற அலுவலகங்களுக்கு என்று நினைத்திருந்தார்.

விசாரணை தொடங்கியது. கிருஷாந்த் கோவையைத் திறந்து, கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய், எட்டப் பிடித்து, கடைசியில் தலைகீழாகப் பிடித்தான். கறுப்புக் கண்ணாடிக்குள்ளால் ஓர் எழுத்தும் தெரியவில்லை. கழற்றினால் கண் தெரிந்துவிடும்.

"வாசியும்" என்றார் பணிப்பாளர்.

"நீங்கள் வாசியுங்கோ, சேர்."

"நான் தலைவர். தலைவர் வாசிக்கிறேல்ல."

கோவை கை மாறி ஆறு பேரிடமும் போய் வந்தது. அதன் பின்னாலேயே ஒரு சிறிய துளிமருந்துக் குப்பியும் மேசைக்குக் கீழால் ஆறு பேரிடமும் போய் வந்தது. அதன் பின்னால் நாடிக் கருவியின் துவாய்.

"அந்தத் துவாயால துடைக்காதீங்க!" என்று பஸ்மியா ஓட்டோவிலிருந்து கத்தினாள். "ஆளுக்கொண்டு வெச்சிக்கொள்ளுங்க. டொக்டர் சொன்ன."

"சாட்சி கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லோணும்!"

"நீங்க இன்னும் ஒண்டும் கேக்கல்லியே, சேர்."

அது சரி என்று ஆறு பேருக்கும் பட்டது. கேள்விகள் கோவைக்குள் இருந்தன. கோவையை வாசிக்க ஏலாது. ஆகவே பணிப்பாளர் எழுந்து நின்று, வெளிச்சம் போதாமை காரணமாக விசாரணை திகதி குறிப்பிடப்படாமல் ஒத்திவைக்கப்படுகிறது என்று அறிவித்தார். அப்போது காலை பத்தரை மணி. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தீர்மானத்தில் கையெழுத்து வைத்தார். அது தாளில் விழவில்லை, மேசை விரிப்பில் விழுந்தது. கிருஷாந்த் மேசை விரிப்பை மடித்துக் கோவைக்குள் வைத்தான்.

பஸ்மியா வீட்டில் இருந்தாள். கண்ணைக் கசக்கவில்லை. பாஹிம் தன் துவாயைக் கொண்டுபோய் ஓட்டோவில் ஒளித்துவைத்தான். எட்டாம் நாள் கண் வெளுத்தது. பத்தாம் நாள், காலை ஐந்து மணிக்கு, கண் கந்தோர் ரத்துச் செய்யாமல் விட்ட சான்றிதழைக் காட்டி, கன்ரீன் அடுப்பில் அவள் முதல் கிடாரத்தை ஏற்றினாள்.

வேலையில் சேர்ந்த அன்றே ஒரு புது ஒழுங்கு வைத்தாள். சாப்பாட்டு வரிசை கை கழுவுகிற பைப்பில் இருந்துதான் தொடங்க வேண்டும். சவுக்காரம் போட்டுக் கழுவாதவனுக்குச் சோறு இல்லை. முதல் நாள் கொஞ்சம் முணுமுணுத்தார்கள். அவளுடைய மீன் ஆணத்தைச் சாப்பிட்ட பிறகு, இரண்டாம் நாள் ஒருவரும் பேசவில்லை.

மூன்றாம் நாள் பகல் பணிப்பாளர் சின்னராசா கன்ரீனுக்குச் சாப்பிட வந்தார். கறுப்புக் கண்ணாடிக்குக் கீழால் கண்ணீர் கோடாக வடிந்தது. கதவு நிலையில் ஒரு தரம் முட்டினார். நேரே சோற்று மேசைக்குப் போனவரைப் பஸ்மியா அகப்பையை நீட்டி மறித்தாள்.

"கை கழுவிற்று வாங்க, சேர்."

"எந்தச் சுற்றுநிருபத்தின் பிரகாரம்?"

பஸ்மியா அகப்பையை இறக்கவில்லை. பின்னால் நின்ற தொழிலாளி ஒருவர் சொன்னார்: "ஐயா, கழுவிற்று நகருங்கோ. பசிக்குது."

பணிப்பாளர் திரும்பிப் பார்த்தார். எண்பது பேர் நின்றார்கள். அவர் மெல்லப் பைப்படிக்குப் போய்ச் சவுக்காரத்தைத் தேடி எடுத்துக் கழுவினார். செயலணி தொடங்கி ஐந்து மாதத்தில் நடந்த முதலாவது நோய்த்தடுப்பு நடவடிக்கை அது.

திரும்பி வந்தவர் பஸ்மியாவுக்குக் கிட்டக் குனிந்தார். பணிப்பாளரின் குரல் இல்லை அது.

"பிள்ளை, உங்களுக்கு எத்தினை நாளில மாறினது?"

"எட்டு நாள், சேர்."

"என்ன மருந்து?"

"வீட்டில இரிந்தன்."

"எனக்குப் பத்து நாளாச்சு, கூடுதே ஒழியக் குறையேல்ல. விடிய எழும்பினாக் கண் நோகுது. வெளிச்சம் பாக்க ஏலாமக் கிடக்கு." அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "வீட்டில இருக்கிறதெண்டா லீவு வேணும். என்ர லீவை அனுமதிக்க வேண்டியது பணிப்பாளர். பணிப்பாளருக்குக் கண் நோய் எண்டு நான் எப்படி எனக்கு எழுதுறது?"

பஸ்மியாவுக்கு அந்த மனிதர் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. சோற்றை அள்ளி, ஆணம் ஊற்றி, இரண்டு துண்டு மீன் கூட வைத்து, தாளில் இறுக்கிக் கட்டிக் கொடுத்தாள்.

"நோவும் வெளிச்சமும் எண்டா இப்பவே டொக்டரிட்டக் காட்டோணும். இவர் வெளியில ஓட்டோவோட நிக்கிறார், ஏறுங்க. காட்டிப் போட்டு வீட்ட போய்ச் சாப்பிட்டுப் படுங்க. ஒரு கிழமைக்கு இந்தப் பக்கம் வராதீங்க, சேர். நான்தான் சொன்ன எண்டு எழுதுங்க."

"நீங்கள் எந்தப் பதவியில?"

"சமையல்."

பணிப்பாளர் யோசித்தார். அதற்கெதிராக எந்த ஒழுங்குவிதியும் அவருக்கு ஞாபகம் வரவில்லை. பொதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினார்.

கந்தோர்க் கதவின் திறப்புச் சாவி அவருடைய காற்சட்டைப் பையில் இருந்தது. அதனால் மறுநாள் கந்தோரைத் திறக்க ஆளில்லை. மற்ற ஐந்து பேரும் வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தார்கள்.

அந்தக் கிழமை டொக்டர் சுலோஜனாவிடம் கண் நோயோடு வந்தவர்கள் நான்கு பேர். அடுத்த கிழமை ஒருவரும் வரவில்லை. இந்த வீழ்ச்சிக்கான காரணத்தை ஆராய வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கண் கந்தோருக்கு ஓர் அவசரக் கடிதம் வந்தது. கதவு பூட்டியிருந்ததால் தபால்காரர் அதைத் திருப்பிக் கொண்டுபோனார்.